எடுத்துவிட்ட செவ்வந்தி

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
மே 20

அன்புள்ள யோகமலர் மச்சாளுக்கு,

ஜெயமதி எழுதுகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. எனக்கும் மகன் சாம்பவனுக்கும் ஒரு குறையுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி? சிசிலி அக்கா மட்டக்களப்புக்கு வருகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தோடு இரண்டு போத்தல் தைலம் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை போனில் நீங்கள் கேட்டபோது, சத்தம் விளங்கவில்லை என்று வைத்துவிட்டேன். அது பொய், மச்சாள். "வேலைக்கெண்டு போனவன் வராமப் பதினெட்டு வருசமாப் போச்சு. வாற ஆடி அமாவாசைக்குத் தம்பிட படத்துக்கு மாலையைப் போட்டு, மாமாங்கத் தீர்த்தத்துல கடமையைச் செய்வமா" என்றுதானே கேட்டீர்கள். பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதலில் இங்கே நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள். புவாண்ட்-கிளேரில், ஓவியங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கிட்டங்கியில் எனக்கு வேலை என்று தெரியும்தானே. இந்த மாதம் நகரில் பெரிய ஓவியச் சந்தை நடந்தது. தாய்வானிலிருந்து ஒரு கலைக்கூடம், தன் நாட்டில் இப்போது வரைகிற நாலு பேரின் படங்களைக் கொண்டுவந்திருந்தது. அவற்றைப் பிரித்து மாட்ட என்னை அனுப்பினார்கள்.

மூன்று பேருடையது எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றில் முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு கோடு. ஆட்கள் அதைத்தான் நின்று நின்று பார்த்தார்கள். நாலாவது, ஆளுயரப் படம். ஒரு கிழவர் சேட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றுகிறார். கை மட்டும் மங்கல்.

எங்கள் கல்யாணப் படம் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் பூட்டச் சொல்லச் சொல்ல, வெளிச்சம் அடிக்கிற நேரம் பார்த்து உங்கள் தம்பி பொத்தானைக் கழற்றினாரே. "கை ஆடின மாப்பிள்ளை" என்று நீங்கள் ஒரு மாதம் பகிடி பண்ணினீர்கள். அவர் கழுத்தில் அப்பியிருக்கும் பவுடர் மணம்கூட அந்தக் கூடத்தில் எனக்கு அடித்தது.

திறப்பு நாள் மாலை, சந்தைக்காரர்கள் கூடத்துக்குக் கூடம் பூங்கொத்து வைத்தார்கள். எங்களுக்கு வந்தது மஞ்சள் செவ்வந்தி. இவ்வளவு பெரிய படம், தனிச் சுவரில். நம் வீடுகளில் அப்படி மாட்டினால் என்ன அர்த்தம்? பூவைப் படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டேன்.

அந்த நேரம் ஓவியர் வந்தார். என் வயதுப் பெண். பூவைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. அவர்கள் ஊரிலும் செவ்வந்தி சாவீட்டுப் பூவாம். படத்தில் இருப்பது அவருடைய அப்பா. ஆள் உயிரோடு, குத்துக்கல் மாதிரி இருக்கிறார். எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசவில்லை. போனில் அப்பாவைக் கூப்பிட்டு, படத்தையும் பூவையும் காட்டினார். அங்கே விடியற்காலை. தான் இன்னும் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று கிழவர் கேட்டாராம்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பூவை எடுத்தேன். வைத்த பூவைத் திரும்ப எடுக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நமக்கு யார் போன் போட்டு ஆளைக் காட்டுவார்கள், மச்சாள்? வீட்டுக்கு வரும்வரை ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

உங்கள் மனம் எனக்குத் தெரியும். கடமை செய்யாமல் விட்டால் அவர் பசியோடு அலைவார் என்று உங்களுக்குப் பயம். என்றைக்காவது படலையைத் திறந்து வந்து, மாலை போட்ட தன் படத்தைப் பார்ப்பார் என்று எனக்குப் பயம். பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மாமாங்கத்தில் உங்கள் அப்பாவுக்கு வருசா வருசம் செய்வதைக் குறைவில்லாமல் செய்யுங்கள். கல்யாணத்தன்று எடுத்த உங்கள் தம்பியின் அந்தப் படத்தைத் தூசு துடைத்து வையுங்கள், அது போதும். மாலை போட்டால் கழுத்தடியில் இருக்கும் அந்தக் கை மறைந்துவிடும்.

மாமாங்கேஸ்வரர் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
ஜெயமதி