பாறையைப் பார்க்காமல் போட்ட திட்டம்

சார், பிள்ளைகள் சுரங்க வேலை பழகுவதற்கென்று நான் விட்டுக்கொடுத்த இடத்தில், உங்கள் பல்கலைக்கழகம் அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்க விடுதி கட்டியிருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தவரை அதை மென்று விழுங்கினீர்கள். நான் விழுங்குவதாக இல்லை.

இன்று இலத்தூரில் அந்த என் கல்குவாரிப் பக்கம் போனேன். நல்லெண்ணெயும் கோழி வறுவலும் மணத்தன. கல்தூசி மணக்க வேண்டிய இடம் அது. அங்கேதான், சுரங்கப் பொறியியல் துறைத் தலைவராக, நீங்கள் முதன்முதலில் வந்து நின்றீர்கள். "அண்ணாச்சி, எங்க பசங்க நாலு வருஷமும் சுரங்கத்தைக் கரும்பலகையிலதான் பாக்கறாங்க. ஒரு துளைகூடப் போடாதவன் கையில எப்படி வெடிமருந்தைக் கொடுக்கறது?" என்றீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த வேலையை இரண்டு விரல்களைக் கொடுத்துக் கற்றவன். அந்தக் கேள்விக்காகவே இடம் தருகிறேன் என்றேன்.

பத்தாண்டுத் திட்டத்தில் பயிற்சிச் சுரங்கத்தை முதல் வேலையாக எழுதினீர்கள். அதை முடிவு செய்யும் கூட்டத்தைப் பல்கலைக்கழகத் திட்டக்குழு குற்றாலத்தில் வைத்தது. எழுபதுகளில் ஆனி, ஆடி வந்தால் எல்லாக் கூட்டமும் அங்கேதானே கூடும். காலையில் அருவி, அப்புறம் பாறை, பிறகு பேச்சு என்று ஏற்பாடு. நாம் இருவரும் வரைபடத்தோடு ஐந்தருவிச் சாலையில் ஜீப்புப் பக்கத்தில் நின்றோம். குளித்து வந்த குழுவினர் மறுபடி எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த தென்காசிக்கார அலுவலர் சிரித்தார்.

"பாறை எங்க அண்ணாச்சி ஓடிரப் போவுது? சாரல் நின்னுட்டுன்னா வருமா?"

"ஏன்வே, தலையத் துவட்டிட்டு ஜீப்புல ஏறுததுக்கு என்ன வலிக்கு?"

"பெரிய சார் முதுகுல இப்பதான் எண்ணெ வச்சிருக்கு. நான் போயி இழுத்துட்டா வர முடியும்?"

நீங்கள் என் கையை அழுத்தினீர்கள். "விடுங்க அண்ணாச்சி, மத்தியானம் பேசிக்கலாம்."

மத்தியானம், பாறையைக் கண்ணால் பார்க்காமலே திட்டத்தை மாற்றினார்கள். முதலில் தங்குவதற்குக் கட்டடம், சுரங்கம் பிறகு. அந்தப் பிறகு வரவே இல்லை. எண்பதுகளில் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையில் 'களப்பயிற்சி வசதி நிறைவுற்றது' என்று எழுதினார்கள். உங்களிடம் படித்த பையன் ஒருவன், வேலைக்குப் போன இடத்தில், மருந்து வைத்தும் வெடிக்காத துளையருகே அவசரப்பட்டுப் போய், அது வெடித்துப் பார்வையை இழந்தான். "இது என் தப்பு" என்று என் முன்னால் அழுதீர்கள். உங்கள் தப்பு இல்லை சார். அன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அழவில்லை.

இடத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. என் வாய்ச்சொல்லை நம்பித்தான் கட்டினார்கள். இனி நான் கையெழுத்துப் போட வேண்டுமானால், துணைவேந்தர் அந்த விடுதியைக் காலி செய்ய வேண்டும். திட்டக்குழு அருவிப் பக்கம் போகாமல் நேரே பாறைக்கு வர வேண்டும். உங்கள் நாற்காலியில் இருப்பவர் அந்தப் பொய் வரியைத் தம் கையாலேயே அடிக்க வேண்டும். துளைபோடும் எந்திரம் வந்து இறங்க வேண்டும். முதல் வகுப்பை அந்தப் பார்வையிழந்த பையன் எடுக்க வேண்டும். கேட்டேன், வருகிறேன் என்றான். இதெல்லாம் நடக்குமுன் நான் போய்விட்டால், என் மகன் கையெழுத்துப் போடக் கூடாது.