சுகர்ல இருபது வருஷம்

இன்று காலை சாமை டப்பாவைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. களைந்து உலையில் போட்டதும் எழுந்த வாசனையில், "இன்னாம்மா, வெந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே நீங்கள் உள்ளே வருவீர்களோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இவளுக்கு இன்னும் புத்தி வரவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

மத்தியானம் வக்கீலம்மாவிடம் போகவேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடுகிறோம். உங்கள் ஆஸ்பத்திரிச் செலவைத் தரமாட்டார்களாம். பல வருடமாக இருந்த சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்களாம். பணம் போனால் போகட்டும் என்று வீறாப்பு பேச மாட்டேன், நகையெல்லாம் பேங்கில் கிடக்கிறது. ஆனாலும் அந்த 'மறைத்து' இருக்கிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. யாரைப் பார்த்து என்ன வார்த்தை!

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தேன். காய்ச்சலும் மூச்சிரைப்புமாக உங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சின்ன டாக்டர் என்ன கேட்டாரோ, நீங்கள் என்ன சொன்னீர்களோ, 'சுகர், இருபது வருடம்' என்று எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் வக்கீலம்மா அதை முதல்தடவை படித்துக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், அவரு சுகர் மில்லுல வேலை. நம்ம பக்கம் யாரு மில்லுன்னு முழுசா சொல்றாங்க? எங்க இருக்கீங்கன்னு கேட்டா சுகர்ல இருக்கேன்னுதான் சொல்வாங்க. வேலைக்குச் சேந்து இருபது வருஷம் ஆச்சு" என்றேன்.

"இத கோர்ட்டு நம்பணுமே. அவரு இப்படிப் பேசுவாருன்னு சொல்ல வெளியாளு யாருனா இருக்காங்களா?" என்றார்.

அப்போதுதான் வெள்ளிமலை ஜீப் ஞாபகம் வந்தது. உங்களோடு வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோமே. வளைவு ஏற ஏறத் தலைசுற்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். டிரைவர், "சார் எங்க இருக்கீங்க?" என்றார். "சுகர்ல இருக்கேங்க, ரொம்ப வருஷமா" என்றீர்கள். பக்கத்திலிருந்த மலைக்காரம்மாவுக்குப் பதில் மட்டும்தான் காதில் விழுந்தது. "அடப்பாவமே! அதான் தல சுத்துது. அரிசிச் சோத்த கம்மி பண்ணுங்க, சாமை துன்னுங்க" என்று, இறங்கும்போது தன் வீட்டுக்கே கூட்டிப்போய் ஒரு பை சாமை கொடுத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் கண்ணைக் காட்டினீர்கள். "ஆசையா குடுக்கறாங்க, வுடு."

அன்றிலிருந்து வீட்டில் ராத்திரிக்குச் சாமைச் சோறுதான். டீயிலும் சர்க்கரை வேண்டாம் என்றீர்கள். "மில்லுல மூட்ட மூட்டையா பாத்து அலுத்துப்போச்சும்மா" என்றீர்கள். நானும் கேலி செய்தேனே தவிர, வேறெதுவும் நினைக்கவில்லை.

போன வாரம் பஸ் ஏறி அந்தம்மாவைத் தேடிப் போனேன். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முதல் கேள்வியே, "உங்க வூட்டுக்காரருக்கு சுகர் கம்மியாச்சா?" நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, "நடுவுல தனியா வந்து சாமை வாங்கிக்கினு போனாரே. இத துன்னதுல இருந்து ஒடம்பு பரவால்லம்மான்னு சொன்னாரு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. தனியாகப் போனீர்களா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? அந்தம்மாவின் மனசு குளிரட்டும் என்று பழைய விளையாட்டையே தொடர்ந்தீர்களா? முகம் அசையாமல் கதை விடுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. இல்லை, நிஜமாகவே உடம்புக்கு என்னமோ இருந்து, நான் பயப்படுவேன் என்று மென்று முழுங்கினீர்களா? ஆஸ்பத்திரி டெஸ்ட்டில் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. தொற்று வந்தால் அப்படி ஏறும் என்கிறார் வேறொரு டாக்டர். யார் சொல்வதைப் பிடித்துக்கொள்வது? சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார் அந்தம்மா. வந்தால் எந்தப் பக்கத்துச் சாட்சியோ!

இன்று பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. 'என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை' என்று முடிகிறது. சர்ச்சுக்குப் போகிறவள் நான், பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன்.

"அறிவுன்றத எடுத்துட்டு நம்பிக்கைய மட்டும் வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேந்துதாம்மா. யோசிச்சிப் போடுங்க" என்ற வக்கீலம்மா, நான் விழிப்பதைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். "கோர்ட்டுல குறுக்க குறுக்க கேப்பாங்க, பயப்படாதீங்க. எங்க, நான் கேக்கறேன், சொல்லுங்க. உங்க கணவர் எங்க இருந்தாரு?"

"சுகர்லங்க. இருபது வருஷமா."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் சொன்னது அதற்குப் பிறகுதான் எனக்கே கேட்டது. யோசிக்காமல், உங்கள் குரலிலேயே, உங்கள் வாயால் வந்த மாதிரி வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கில் ஏறியது.

தனியாக ஏன் மலைக்குப் போனீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. இனி யாரிடம் கேட்பேன்? அந்தப் பேனாவை நானே எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும், அந்தம்மா கொடுத்தனுப்பிய புதுச் சாமையை உங்கள் டப்பாவில் கொட்டி வைத்தேன்.