மண்டோர் சாய்ந்த நாள்

அண்ணே,

இன்று காலை வண்டிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மசகு வாடை மூக்கில் ஏறியது. வைக்கோல் சாம்பலும் எண்ணெயும் குழைத்து யாரோ வண்டி அச்சுக்குத் தடவிக்கொண்டிருந்தான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் உங்கள் கையை விட்டுப் போகாத வாடை அது. வேலை ஓடவில்லை. சீட்டு எழுத எடுத்த காகிதத்தில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் இருவரையும் பற்றி ஜெலுத்தோங் ஊர் மாட்டுவண்டிக்காரர்களுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அவர்களுக்கெல்லாம் தலைவரான மண்டோர் நீங்கள், குளிர்ந்த தண்ணீர். சரக்குச் சீட்டு எழுதும் கிராணியான நான் கொதிக்கிற எண்ணெய். வழக்கு என்று வந்தால் உங்களிடம்தான் வருவார்கள். நான் வாயைத் திறந்தால், "கிராணிக்குப் பிடிக்காத ஆளா இருக்கும், விடுலா" என்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும், தெருக்கோடியில் நிற்பவனுக்கும் தெரியும். உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. முகத்தில் தெரியாததால் மனத்திலும் ஒன்றும் இல்லை என்று நாங்கள் நம்பினோம். நீங்களும் அப்படித்தான் நம்பியிருந்தீர்கள்.

வண்டிகள் மோதிக்கொண்டால் நீங்கள் முதலில் ஆட்களை விசாரிக்க மாட்டீர்கள். வண்டியைச் சுற்றி வருவீர்கள். சக்கரத்தின் இரும்புப் பட்டாவைத் தடவுவீர்கள், நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அப்புறம்தான் "ம், சொல்லு" என்பீர்கள். "மனுஷன் மாத்திப் பேசுவான், சக்கரம் பேசாது" என்பது உங்கள் வாய்ப்பாடு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்தே போயிருந்தது.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரே ஒரு முறை வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னீர்கள். அன்று உங்கள் தங்கையின் கணவர் துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். கடற்கரைத் தெருவில் எதிரே வந்த சர்க்கரை மூட்டை வண்டி மோதிக் கவிழ்ந்தது, அதன் மாட்டுக்குக் கால் ஒடிந்தது. பார வண்டிக்குக் காலி வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும், அதுதான் நம் கொட்டகையின் சட்டம். எல்லார் விரலும் அவர் பக்கம் நீண்டது.

"நான் ஒதுங்கித்தான் நின்னேன் மச்சான். டிராம் மணிச் சத்தத்துல அந்த மாடுதான் மிரண்டு வந்துச்சு" என்றார் அவர்.

"காலி வண்டி உன்னுது. நாளையிலேருந்து துறைமுகச் சரக்கு வரிசைல உனக்கு இடம் கிடையாது" என்றீர்கள்.

அவ்வளவுதான். "சொந்தம்னுகூட பாக்கல பாரு" என்று கூட்டம் உங்களை மெச்சியது. வரிசையில் இடம் போனால் அந்தக் குடும்பம் பத்து காவான் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும். எதை விட்டுவிட்டு ஓடிவந்தார்களோ, அந்தக் கித்தா மரத்தடிக்கே போக வேண்டும். உங்கள் தங்கை இடுப்பில் பிள்ளையோடு சுவர் ஓரம் நின்றார்.

அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். எல்லார் முன்னாலும் என்னைப் 'பட்டாசுக் கிராணி' என்று கூப்பிட்டுச் சிரிக்க வைத்தவர். தீர்ப்பைக் கேட்டதும் எனக்கு உள்ளூர இனித்தது. இனித்ததுதான் எனக்கு உறுத்தியது. என் கோபத்தோடு நான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன், அது எப்போது என் கண்ணைக் கட்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் போய் வண்டியைப் பார்த்தேன்.

இடது சக்கரத்தில் அச்சு நுழையும் நடுக் குடம் வரைக்கும் கறுப்புச் சேறு. தெருவில் வெறும் புழுதிதான், அந்தச் சேறு ஓரத்துச் சாக்கடையில் மட்டுமே உண்டு. மோதித் தள்ளப்பட்டிருந்தால் சக்கரத்தின் ஒரு பக்கம்தான் அப்பியிருக்கும். இது பட்டா முழுக்கச் சுற்றி அப்பியிருந்தது. அவர் சாக்கடைக்குள்ளேயே சக்கரத்தை இறக்கி ஓட்டி, வழிவிட்டிருக்கிறார்.

உங்களிடம் வந்தேன். "அண்ணே, எனக்கு அந்த ஆளப் பிடிக்காது. ஆனா நீங்க வண்டியப் பாத்தீங்களா?"

நீங்கள் அடுத்த வண்டியின் சீட்டைக் கையில் எடுத்தீர்கள்.

"யாரு மோதினாலும் பாப்பீங்களே. இன்னைக்கு ஏன் பாக்கல?"

"பாத்தா, தங்கச்சிக்காகச் சாக்குத் தேடுறான்னு சொல்லுவாங்க கிராணி."

"அப்ப நீங்க தீர்ப்பு சொன்னது அந்த மோதலுக்கு இல்ல. வேடிக்கை பாத்தவங்களுக்கு."

நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். நீங்கள் என்னை அடிப்பீர்கள் என்றுகூட நினைத்தேன். எழுந்துபோய்ச் சக்கரத்தின் அருகே குந்தினீர்கள். விரலால் சேற்றைச் சுரண்டினீர்கள், வெகுநேரம் எழவில்லை. பிறகு எல்லாரையும் கூப்பிட்டீர்கள்.

"நான் வண்டியப் பாக்காமப் பேசிட்டேன். பேரு கெட்டுப்போகுமோன்னு பயந்துட்டேன். வாங்க, நீங்களே பாருங்க. இவன் வரிசையில இருப்பான்."

சிலர் பார்த்தார்கள். பலர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார்கள். மாட்டைப் பறிகொடுத்தவர் அதன்பின் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியே வரும்போது என்னிடம் சொன்னீர்கள்: "மண்டோர் தங்கச்சி பக்கம் சாஞ்சுட்டான்னு கடைசி வரைக்கும் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவ இங்கேயே இருப்பான்னு எனக்குச் சந்தோஷமாவும் இருக்கு. அதையும் மறைக்கல." உங்கள் முகத்தில் ஒன்றை நான் படித்தது அன்றுதான்.

சொன்னபடியே சொன்னார்கள், அண்ணே. உங்கள் சாவு வீட்டிலேயே ஒருவர், "நியாயஸ்தன்தான், அந்த ஒரு தடவ தவிர" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்கள் உண்மையில் நடுநிலையில் நின்ற நாளையல்லவா அவர்கள் தள்ளிவிட்டு எண்ணுகிறார்கள்.

இப்போது வழக்கை என்னிடம் கொண்டுவருகிறார்கள், வேடிக்கையைப் பாருங்கள். தீர்ப்புக்கு முன்னால் நான் உரக்கச் சொல்லிவிடுகிறேன்: "இவனக் கண்டா எனக்கு ஆகாது, அவன் எனக்கு வேண்டியவன். தெரிஞ்சுக்கோங்க. இப்ப வண்டியக் காட்டுங்க." சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவர்களும் என் கூடவே சக்கரத்தைச் சுற்றி வருகிறார்கள்.

போன வாரம் வந்தது என் சொந்தத் தம்பியின் வண்டி. "இவன் என் தம்பி. இவன் மேல தப்பு இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிந்தேன். தப்பு அவன் மேல்தான் இருந்தது. ஒரு மாதம் வரிசையில் இடமில்லை என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை, அண்ணே.