நாலு சாட்சி

ரங்கூன், தின்கன்ஜூன்

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மனமில்லாமல்தான் இந்த ஸலாமை எழுதுகிறேன்.

நேற்று நீ மலேசியாவிலிருந்து போனில், "மைமூனைக் கல்லால அடிக்கணும், அதுதான் நம்ம சட்டம்" என்று கத்தினாய். என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

உனக்குச் செய்தி அனுப்பிய பக்கத்து வீட்டு நத்தர்ஷாவை இன்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனேன். உன் மனைவி மைமூன் யாரோ ஓர் ஆணோடு டாக்சியில் வந்து இறங்கினாளாம். அதனால் அவள் கெட்டுப்போனவளாம்.

"தப்பு நடந்ததைக் கண்ணால பார்த்த நாலு பேரு எங்க?" என்று ஹஜ்ரத் கேட்டார். "இல்லாட்டி, பழி சொன்ன உங்களுக்குத்தான் எண்பது கசையடி. அதுவும் நம்ம சட்டந்தான்."

நத்தர்ஷா செருப்பைத் தேடினார்.

உன் கண்ணில் கல் மட்டும்தான் பட்டிருக்கிறது. அடுத்தவர் குறையைத் துருவாதே என்று நம் மார்க்கம் சொன்னது படவில்லை. அக்காவாக உன்னை நான் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மைமூனும் பிள்ளையும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். நீ நேரில் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இங்கேதான் இருப்பார்கள்.

டாக்சியில் வந்தது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன் லாத்தா