கத்தாமல் ஒரு சுற்று

என் வீட்டுச் சக்கரவர்த்தினிக்கு, கேளிக்கைப் பூங்காவில் வானத்துக்கும் பூமிக்கும் ராட்சத ரயில் விடும் உன் கணவன் பணிந்து எழுதுவது. நலம். உன் முழங்கால் வலி, அம்மாவின் இருமல், சின்னவளின் பிடிவாதம் மூன்றும் எப்படி இருக்கின்றன?

தொற்றுக்குப் பயந்து பூங்காவை மூடியதிலிருந்து, ரயில் துருப்பிடிக்காமலிருக்க மணல்மூட்டைகளை உட்காரவைத்துத் தினமும் ஓட்டுகிறேன். இவ்வளவு ஒழுக்கமான பயணிகள் மூவுலகிலும் கிடையாது.

நேற்று மேலாளர் வந்தார். "அடுத்த வாரம் திறந்துடலாம்யா. முகக்கவசம் போடணும், கத்தக் கூடாதுன்னு போர்டு வெச்சா போதும்" என்றார்.

திறந்து கூட்டம் வந்தால்தான் இன்னோர் ஆளைப் போடுவார்கள், எனக்கும் ஊர் வர விடுப்பு கிடைக்கும். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"சார், நீங்க கத்தாம ஒரு சுற்று வந்துட்டீங்கன்னா திறந்துடலாம்" என்றேன்.

வீராப்பாக ஏறினார். முதல் இறக்கத்தில் அவர் போட்ட கூச்சலில் மேகமே கலைந்தது. முகக்கவசம் கொக்குபோலப் பறந்தது.

"வேணாம்யா. ஜனங்க பாவம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் இறங்கியதும்.

நியாயம்தான். கூடவே என் விடுப்பும் பறந்தது. கவலைப்படாதே, யானைக்கு அண்ணன்போல இருக்கிறேன்.

ஒரு சின்ன வேலை. சின்னவளின் உயரத்துக்கு நூல் அளந்து அறுத்து அனுப்பு. ரயிலேறும் வாசலில் பிள்ளைகளின் உயரத்தை அளக்கும் பலகை வெறுமனே நிற்கிறது. அதில் பிடித்துப் பார்க்கவேண்டும். நான் கிளம்பும்போது முதல் கோட்டுக்கே எட்டியிருக்கமாட்டாள்.

மூட்டைகள் காத்திருக்கின்றன, ஓடுகிறேன். நூலை இழுத்துப் பிடிக்காமல் அள.