கீரனூர் லேத்துக்கு ஒரு கியர்

12 ஜூன் 2024
எங்கோ பெய்த மழையின் வாசம் மட்டும் நாகல் நகருக்கு வந்தது. எங்கள் மெஷின் சாமான் கடையில் ஆள் இல்லை. பழைய லேத் கியர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எந்த மெஷினிலிருந்து கழன்றவை என்றே தெரியாதவை நிறைய. பல்லை எண்ணுவேன், நடுத்துளையை அளப்பேன், பிறகு அது சுற்றிய பட்டறையை நினைத்துப் பார்ப்பேன். ஜன்னல் எந்தப் பக்கம்? ரேடியோ பாடியதா?

"ஏன்க்கா, ஒரே கியர இம்புட்டு நேரமாவா பாப்ப?" என்றான் தம்பி முகேஷ்குமார். கல்யாணம் ஆகாத முப்பத்தேழு வயது அக்காவிடம் வேறென்ன கேட்பான்.

14 ஜூன்
கீரனூரிலிருந்து ஒருவர் வந்தார். பொன்னழகு. தென்னந்தோப்பு, அதற்குள் சின்னப் பட்டறை. ஊர் மோட்டார்களுக்கு போல்ட் கடைந்து கொடுக்கப் பழைய லேத் வாங்கியிருக்கிறார். மரை வெட்டுவதற்கான கியர்களில் ஒன்று இல்லை. மெஷினில் கம்பெனிப் பெயரும் இல்லை. செல்போனில் படம் காட்டினார். ஓரத்தில் தென்னங்கீற்றின் நிழல். மெஷினை விட்டுவிட்டு நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கண்டுபிடிச்சிரலாமுங்களா?"

"பாத்துரலாம்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

19 ஜூன்
தப்பான கியர். "சுத்துதுங்க, ஆனா நறநறன்னு பல்லக் கடிக்குதுங்க" என்று திருப்பிக் கொண்டுவந்தார். எண்ணிக்கை சரிதான், பல்லின் பருமன் மயிரிழை வேறு. அங்குலக் கணக்கு மெஷினுக்கு மில்லிமீட்டர் கணக்கு கியர். இதுகூடவா எனக்குத் தெரியாது? கை கடையில், மனசு தோப்பில்.

அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லீங்க. இன்னொருக்கா வந்த மாதிரி ஆச்சு."

இன்னொருக்கா வந்த மாதிரி — சே, என்ன இது.

20 ஜூன்
வேலை ஓடவில்லை.

3 ஜூலை
நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. தம்பியோடு நாலைந்து கியர்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆடி பிறக்கும் முன்பே கீரனூரில் அப்படியொரு காற்று. தோப்பே மிதக்கிற மாதிரி. மோர் கொடுத்த அவர் அம்மா, மருமகள் தவறி நாலு வருஷம் ஆயிற்று என்றார்.

மூன்றாவது கியர் பொருந்தியது. பல்லோடு பல் சத்தமில்லாமல் இணைந்து, கம்பியில் மரை மெல்ல நகர்ந்து போனது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மரையைப் பார்த்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. வேலை முடிஞ்சிருச்சு. இனி எதுக்கு வருவாரு? பெருசா கண்டுபிடிச்சிட்டியாக்கும், லூசு!

22 ஜூலை
வந்தார்! மஞ்சப்பையில் ஒரு கியர்.

"இது எந்த லேத்தோடதுன்னு பாத்துச் சொல்லோணுமுங்க."

பார்த்ததும் தெரிந்தது, கரும்புச்சாறு மெஷினோடது. லேத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற மனுஷருக்கு அது தெரியாதா? முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தம்பி வாயைத் திறக்கப் போனான். காலை மிதித்தேன்.

"தெரியலையே" என்றேன். "வச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க."

5 செப்டம்பர்
தம்பிதான் கடையைத் திறக்கப் போனான். எனக்கு லீவு. அம்மா பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குகிறாள். நீலச் சுங்குடி கட்டியிருக்கிறேன்.

செத்த முன்னால் போன் வந்தது. "பஸ் ஏறிட்டமுங்க. அம்மா பூ வாங்கியிருக்குதுங்க." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. நானும்தான்.