உள்ளே இருந்த கணக்கப்பிள்ளை

விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டியதும் பொடி கொட்டியது. தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து ஊதினேன். மூக்கில் ஏறி, தும்மல் மேல் தும்மல். அப்போதுதான் தெரிந்தது, அது உன் மூக்குப்பொடி. நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. காரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ என்று எழுதிவிட்டேன், கவனித்தாயா? தேயிலை எஸ்டேட்டில் நீ கணக்கப்பிள்ளையாகவும் நான் கூலியாகவும் இருந்த காலம் முழுக்க உன்னை ஐயா என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டேன். இப்போதும் அப்படி எழுதலாம். ஆனால் நீங்கள் என்றால் நான்கு எழுத்து, நீ என்றால் ஒன்றே ஒன்று. நான் போன வருஷம் வாசகசாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகியவன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு கொதித்து இறங்கிவிடுகிறது. எது மிச்சம் என்று கணக்கப்பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

உன் கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டு மேசையில் இருக்கிறது. உன் காலத்துக்குப் பிறகு உன் மகன் அதை வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். அதில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வகுப்புக்கு உதவவில்லை. என் மகள் மல்லிகா வண்டிப்பெரியாற்றில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். சரி செய்து தருகிறேன் என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தாள்.

என்ன கோளாறு என்று கேட்டேன். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். "உள்ள ஒரு கணக்கப்பிள்ளை மாதிரி ஒண்ணு இருக்குப்பா. யாருக்கு வேலை, யாருக்கு எவ்வளவு எடம், எதைத் தடுக்கணும், எல்லாம் அதுதான் சொல்லும். இது அந்தக் காலத்து ஆளு. தமிழ் தெரியாது. இதை எடுத்துட்டுப் புது ஆளை வைக்கணும்."

எனக்குப் புரிய வேண்டும் என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாத்து தாயி, இப்பவே மாத்து" என்றேன்.

மாற்றுவதில் இரண்டு வழி உண்டாம். உள்ளே இருப்பதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மாற்றலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டும் மாற்றலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு நீ நிற்கிற படங்கள், யார் யார் மேலோ நீ இங்கிலீஷில் தட்டி வைத்த புகார் மனுக்கள். துடைத்துவிடு என்றேன். அவள் கை வைப்பதற்குள், வாசகசாலையில் அவள் நம்பரை வாங்கி உன் மகன் போன் செய்துவிட்டான். காலமான அவன் அம்மாவின் படங்களும், அவர் பேசுகிற வீடியோ ஒன்றும் அந்த மெஷினில்தான் இருக்கிறதாம், வேறெங்கும் இல்லையாம். தெரியாமல் கொடுத்துவிட்டேன், அழித்துவிடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். மல்லிகா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எழுதிக் கேக்கச் சொல்லு" என்றேன். "சொந்தக் கையால. தமிழ்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. அன்று அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளில் ஓர் ஆடி மழை. பீர்மேட்டு மலையில் பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கடையநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே நின்று நீதான் வாசித்தாய். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்பட்டு வா. நான் நாலு நாள் லீவு கேட்டேன்.

"வாயால கேட்டா எப்படிடா? அபேட்சை எழுதிக் கொண்டா. ஒஞ் சொந்தக் கையால எழுதணும்" என்றாய்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களில் ஒருவரும் அபேட்சை என்று மனு எழுதி லீவு எடுத்ததில்லை. காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும், கையை அசைத்து அனுப்பிவிடுவாய். எனக்கு மட்டும் அன்று சட்டம் வந்தது. முந்தின வாரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், "கூடை எடைய எத்தனை தடவைய்யா கழிப்பீக?" என்று நான் கேட்டிருந்தேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை.

எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப் போனேன். டீக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தன் கையெழுத்து உனக்குத் தெரியும் என்றார். கங்காணி கதவையே திறக்கவில்லை. சொல்லாமல் புறப்பட்டிருக்கலாம்தான். போனால் பேரை வெட்டிவிடுவாய். பேர் போனால் லயத்து வீடும் போகும். என் வீட்டுக்காரிக்கு நிறைமாதம். வயிற்றில் இருந்தது மல்லிகாதான். அந்த மழையில் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்? தினமும் உன் ஜன்னலுக்கு வந்து நின்றேன். "எழுதிட்டியா?" என்று கேட்பாய். சுற்றி நிற்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே கேட்பாய். அவர்களும் உனக்குப் பயந்து சிரிப்பார்கள்.

பிறகு இரண்டாவது தந்தி வந்தது. அதையும் நீதான் வாசித்தாய். மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "இப்பப் போ. இதுக்கு எழுத வேண்டாம்."

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எரித்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

இதைக் கேட்டுவிட்டு மல்லிகா மேசைமேல் கிடந்த வயர்களைச் சுருட்டி வைத்தாள். அப்புறம், "செத்தவரு மேல உள்ள கோவத்த இருக்கவரு மேல காட்டாதீகப்பா" என்றாள்.

"செத்தவன் வர மாட்டேங்கானே, நான் என்ன செய்ய?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் வந்தான். அவனுக்கும் நரைத்துவிட்டது. ஆனால் உன் மூக்கு, உன் காது, கழுத்தைச் சாய்த்து நிற்பதும் உன்னைப் போலவே. அந்த மூக்கு என் வாசலில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் இதுவரை படித்த எழுத்தை வைத்து எழுத முடியாது. உட்காரச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஐயா, எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். எழுதத் தெரியாது. அப்பா என்னை இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்த்துட்டாரு."

கேட்டாயா? உன் மகன். என் வீட்டு வாசலில். எழுதத் தெரியாமல். இப்படி ஒரு பழி தீர வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டியதில்லை. அந்த அளவுக்கு எனக்கு யோசனை போகவும் இல்லை. நீயே பள்ளிக்கூடம் தேடி, நீயே ஃபீஸ் கட்டி, வருஷக்கணக்காகச் செலவு செய்து எனக்குச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வேண்டிய மட்டும் அவனை நிற்க வைத்தேன். பெங்களூரில் மழை எப்படி என்று விசாரித்தேன். அவன் பதில் சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த மெஷினைப் பார்த்தபடி இருந்தான். கடைசியில், "அம்மா குரலை ஒரு தடவை கேக்கணும் ஐயா" என்றான்.

எழுதிட்டியா என்று நான் மறுபடியும் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவனுக்காக நானே எழுதினேன். அந்த ஆடி மாதம் எனக்கு ஒருவரும் எழுதித் தராத அபேட்சை. 'ஐயா, நான் என் அம்மாவைப் பார்க்க வேண்டும். அனுமதி தர வேண்டுகிறேன்.' எழுதி முடிக்க நெடுநேரம் ஆனது. அவன் அசையாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இங்கிலீஷில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டான். கூடாது என்றேன். மல்லிகாவின் கடை மைப்பெட்டி வீட்டில் இருந்தது. அவன் கட்டைவிரலை நானே பிடித்து, மையில் அமுக்கி, தாளில் உருட்டி வைத்தேன். சம்பள நாளில் நீ என் விரலைப் பிடித்து உருட்டுவாயே, அதே மாதிரி. அவன் விரல் உன் விரலைவிட மெத்தென்று இருந்தது. அனுமதித்தேன் என்று கீழே எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன்.

மல்லிகா அவன் அம்மாவின் படங்களையும் வீடியோவையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். வீடியோவை ஒரு தடவை ஓட்டியும் காட்டினாள்; அதில் அந்த அம்மா ஊறுகாய் போடுவதைப் பற்றி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். உன் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்க அப்பாவோடதும் நெறைய கெடக்கு" என்றாள் மல்லிகா.

நான் குறுக்கே புகுந்தேன். "அது இந்த அபேட்சையில இல்ல. அதுக்கு வேற எழுதணும்."

எழுதிக் கொடுக்கத்தான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவன் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். உன் மகன் மை அப்பிய தன் கட்டைவிரலைப் பார்த்தான். அந்தத் தாளைப் பார்த்தான். "வேண்டாங்கய்யா. இருக்கட்டும்" என்றான்.

அவன் போன ஜீப் வளைவில் மறைந்ததும் மல்லிகா மவுஸை என் கையில் கொடுத்தாள். பழையதை எல்லாம் நீக்கவா என்று புது ஆள் நல்ல தமிழில் கேட்டது. நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். நானே அழுத்தினேன். மாலையோடு நின்ற நீ போனாய், உன் மனுக்கள் போயின. மறுநாள் காலையில் எல்லாம் முடிந்து, யார் பெயரில் பதிய வேண்டும் என்று மெஷின் கேட்டபோது என் பெயரைத் தட்டினேன். ஓர் எழுத்தும் கட்டமாகவில்லை. அன்று எனக்கு இரண்டு ஆள் சாப்பாடு இறங்கியது. அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

ஆனாலும் உன்னோடு என் வழக்கு முடியவில்லை. என் அம்மாவை யாரும் படம் பிடித்ததில்லை. நினைத்துப் பார்த்தால் இப்போது அவள் சேலை வருகிறது, வளையல் வருகிறது, கூப்பிடுகிற சத்தம் கொஞ்சம் வருகிறது. முகம் மட்டும் கூடி வருவதில்லை. இரண்டு தந்தியையும் வாசித்த உன் முகம் ஒரு மயிர்கூடப் பிசகாமல் வருகிறது.